நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்

நவம்பர் முதல் செவ்வாய்.
கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை,
ஜாஸ்லின் டிரெங்கோவ் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தாள்.
வெளியே வனிலா என்று எழுதியிருந்தது.
உள்ளே மசூர்ப் பருப்புத் தூசி,
செம்பழுப்பில், மாவைவிட மெல்லியதாய்.
மூடியைத் திறந்ததும்
எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

"இதை ஊதக்கூடியது வேண்டும், டெரில்."

யார்க் தீபகற்பத்தில் இந்தத் தூசியை அறியாதவர் இல்லை.
டர்போவின் மேல் ஒரு விரல் கனம் படிந்தால் போதும்.
சொல்லிக்கொள்ளாமல் கனலும்,
சொல்லிக்கொள்ளாமல் அரிதாளில் உதிரும்,
பிறகு வயல் முழுக்க வெளிச்சம்.
போன வருடம் மெர்வ் போலார்டின் அறுவடை இயந்திரம்
ஒரு சிகரெட் தீரும் நேரத்தில் எலும்புக்கூடு.
அவர் ஏணியில் இறங்கவில்லை.
குதித்தார்.

நான் விற்பவன்.
விற்பவன் வாய் முதலில் அழுத்தத்தைத்தான் பேசும்.
சிவப்பு கம்ப்ரஸரின் முதுகில் தட்டினேன்:
"நூற்றைம்பது பிஎஸ்ஐ. தள்ளுபடியும் உண்டு."
"எவ்வளவு நேரத்துக்கு?"
"சனிக்கிழமை வரை."
அவள் சிரிக்கவில்லை.
அவள் கேட்டது தள்ளுபடியை அல்ல.

மூலையில் கிடந்த பழைய ரேடியேட்டரை இழுத்துப் போட்டு
டப்பாவை அதன்மேல் கவிழ்த்தாள்.
தகடுகளின் இடுக்கில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து
அடைத்தாள்.
"போடு."

சிவப்பன் சீறினான்.
முதல் வீச்சில் என் ரசீதுப் புத்தகம் பறந்தது.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசையாமல்.
பதினேழில் சீற்றம் பெருமூச்சானது.
இருபத்திரண்டில் கொட்டாவி.
ரேடியேட்டரில் கால்வாசி கூடத் திறக்கவில்லை.

"கோபக்காரன்," என்றாள், "என் அண்ணன் மாதிரி.
எனக்குத் தம் வேண்டும்."

அந்த அண்ணன் இலை ஊதியே போதும் என்கிறானாம்.
அது முகத்தைத் துடைக்கும், காதுக்குள் போகாது
என்று அவளே பதிலும் சொன்னாள்.

பின்கட்டில் ஒன்று இருந்தது.
பச்சை; அழகில்லை.
பெட்ரோல் எஞ்சின், பெல்ட், இரட்டைச் சிலிண்டர்,
இரண்டு பேர் தூக்கினாலும் முதுகு கேள்வி கேட்கும் எடை.
தகட்டில் நிமிடத்துக்கு அறுநூறு லிட்டர் என்று போட்டிருந்தது.
எண்ணை விரலால் தடவியவள் நிமிர்ந்தாள்:
"இது இழுக்கும் கணக்கா, கொடுக்கும் கணக்கா?"

பத்தொன்பது வருடத்தில்
யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.
"இழுப்பது அறுநூறு," என்றேன்.
கொஞ்சம் இருமினேன்.
"கொடுப்பது நானூற்று இருபது."

"அதைப் போடு."

தொண்ணூறு எண்ணும்வரை நின்று ஊதினாள்.
அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்த நாள்காட்டி
ரேடியேட்டர் வழியாகத் தெரிந்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது உமிக்குச் சரி.
இங்கே காற்று எழுந்தால் அறுப்பை நிறுத்து என்பது விதி.
எஞ்சினை அணைத்து, சூடு தணியக் காத்து,
நம் காற்றை நாமே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்
ஊதிவிட்டுத்தான் அடுத்த சுற்று.
டீசல் நிரப்பும்போதெல்லாம் ஒருமுறை,
கண்ணாடி மாட்டிக்கொண்டு,
பேரிங் பக்கம் முனையைக் காட்டாமல்.
இதை நான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.
அவள் ஹோஸ் அலமாரிக்குப் போய்விட்டாள்.

மெலிந்ததைத் தள்ளினாள். அது பாதிக் காற்றைத் தின்றுவிடும்.
தடித்ததில் இருபது மீட்டர்.
ஹோஸ் விலையைக் கேட்டபோதுதான்
முதல்முறை முகம் சுளித்தாள்.
"பணம்?"
"பாதி இப்போது. மீதி பருப்பு போனதும்."
டாங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடு என்று
கிளம்பும் வண்டியைப் பார்த்துக் கத்தினேன்.
கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே வந்து போனது.

சிகரெட்டை உதட்டில் வைத்த பிறகுதான்
தரையைப் பார்த்தேன்.
பாக்கெட்டில் திரும்பப் போட்டுவிட்டு
ஈரத்துணி தேடினேன்.

சட்டைக் காலரில் இன்னும் அந்தத் தூசி அரிக்கிறது.
சிவப்பனின் நெற்றியில்
சனிக்கிழமை வரை என்ற சீட்டு அப்படியே இருக்கிறது.
இன்று திங்கள்.
வடக்கிலிருந்து காற்று.
சாலையில் ஒரு லாரியும் இல்லை.